கைப்பிடி இல்லாத கிராமபோன்

ஹட்டன் பஜாரில் நான் கிராமபோன் பழுதுபார்த்துவந்த காலம் அது. பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒரு பழைய பெட்டியைக் கொண்டுவந்தார். சாவி கொடுக்கும் கைப்பிடி தொலைந்திருந்தது. இரும்பை அராவிப் புதிதாக ஒன்று செய்து ஓட்டிப் பார்த்தேன். பாட்டு கணீரென்று கேட்டது.

கடைவாசலில் ஒரு பெண் முகம் வெளிறி நின்றிருந்தார்.

“அண்ணே, நான் கணக்கப்பிள்ளை சம்சாரம். அந்தக் கைப்பிடிய ஆத்துல வீசுனது நான்தாங்க.”

“ஏம்மா?”

“என்னைய அடிக்கிறப்ப சத்தம் வெளிய கேக்கக்கூடாதுன்னுதான் அவரு பாட்டு வைப்பாரு.”

பாட்டை நிறுத்தினேன். “உங்களுக்கு யாரும்மா இருக்காங்க?”

“கந்தப்பளையில அண்ணன் இருக்காருங்க.”

அன்றே லொறிக்காரர் ஒருவரிடம் அந்த அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் கணக்கப்பிள்ளை வந்தார். கைப்பிடியை ஒளித்துவைத்துவிட்டு, “சாமான் கிடைக்கலைங்க” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். “என் வீட்டுக்காரி இங்க வந்தாளா?”

“இல்லைங்க.”

மெல்லச் சிரித்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கி வேகமாக நடந்தார். அவர் போய்ச் சேருமுன்பே அண்ணன் வந்து தங்கையை அழைத்துப் போய்விட்டார் என்று தெரியும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போதும் எந்த வீட்டிலாவது பாட்டு உரக்கக் கேட்டால், அதனூடே வேறு சத்தம் கேட்கிறதா என்று நின்றுவிடுகிறேன்.