வேகத்தைக் குறைத்தால் திரும்பாத படகு

1996ஆம் ஆண்டின் கோடை. நியூசிலாந்தில், ஓக்லாந்தின் மனுக்காவ் குடாவில் கடல் வற்றிப்போன ஒரு சனிக்கிழமை. நானும் நண்பனும் சேற்றில் புதைந்த அலுமினியப் படகில் குந்தியிருந்தோம். புரொப்பெல்லர் சேற்றைக் கிண்டிக் கிண்டி எஞ்சினே நின்றுவிட்டது. தண்ணீர் திரும்பி ஏற மூன்று மணித்தியாலமாவது ஆகும். அப்போதுதான், கணுக்கால் அளவுத் தண்ணீரில், ஒரு ஜெட் படகு எங்களைச் சுற்றிக்கொண்டு பறந்தது. அதில் நின்ற நாய்கூட எங்களைப் பார்த்துக் குரைத்துவிட்டுப் போனது. அந்தக் குரைப்பிலேயே எனக்கு யோசனை வந்துவிட்டது: எங்கள் எஞ்சினையும் ஏன் ஜெட் ஆக்கக்கூடாது?

நண்பன் மன்னார்க்காரன். படகும் எஞ்சினும் அவனுடையவை; சின்ன வயதிலிருந்தே எஞ்சின் பிடித்துப் பழகிய கை. நான் யாழ்ப்பாணம். ரானுயிப் புறநகரில் அக்கா வீட்டில் இருந்துகொண்டு பொலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்தேன். கடலைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. ஆனால் புத்தகம் நன்றாக வாசிப்பேன்.

விரி என்ற இடத்தில் அவன் வேலை செய்த கிடங்குக்குப் பக்கத்தில், பழைய படகுச் சாமான் விற்கும் கடையொன்றில், எங்கள் எஞ்சினுக்குப் பொருந்தும் ஜெட் கிடைத்தது, விளக்கப் புத்தகத்தோடு. அவன் சம்மதிக்கத்தான் இரண்டு கிழமை பிடித்தது.

"பழுதாக்கினியெண்டா, மச்சான், எஞ்சினுக்குப் பதிலா உன்னைத்தான் பின்னால கட்டுவன்."

புரொப்பெல்லரும் கியர்ப்பெட்டியும் உள்ள கீழ்ப்பகுதியை அப்படியே கழற்றி, அந்த இடத்தில் ஜெட்டைப் பூட்டினோம். அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீச்சுகிற ஒரு பம்ப், அவ்வளவுதான். ஜெட்டின் வாய் படகின் அடிமட்டத்தோடு நிற்க வேண்டும் என்பதால் மரக்கட்டை வைத்து எஞ்சினை உயர்த்தினேன். கொஞ்சம் கூடிப்போயிற்று. முதல் ஓட்டத்தில் ஜெட் தண்ணீரோடு காற்றையும் உறிஞ்சியது. எஞ்சின் அலறியது, படகு அசையவில்லை.

"சத்தம் ரானுயிக்கே கேட்டிருக்கும். போட் அரையடியும் போகேல்லையே!"

கட்டையைச் சீவி ஒரு விரற்கடை இறக்கினேன். அடுத்த சனிக்கிழமை, நாங்கள் புதைந்த அதே சேற்றுத் திட்டுக்கு மேலால், முழங்கால் ஆழமும் இல்லாத தண்ணீரில், படகு வழுக்கிக்கொண்டு பறந்தது. "எடேய், பறக்குதடா!" என்று அவன் கத்தினான். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

வளைவு திரும்பியதும் எதிரே ஒரு மனிதர் தண்ணீரில் நின்று மீன்வலை இழுத்துக்கொண்டிருந்தார். நண்பன், பழகிய எந்தக் கையும் செய்வதைச் செய்தான். வேகத்தைச் சட்டென்று குறைத்துவிட்டு எஞ்சினைத் திருப்பினான். படகு திரும்பவில்லை. நேரே அவரை நோக்கிப் போனது.

ஜெட்டில் தண்ணீர் பீச்சினால்தான் படகு திரும்பும். வேகத்தைக் குறைத்தால் திருப்பும் பலமும் போய்விடும். புரொப்பெல்லர் எஞ்சினுக்குக் கீழ்ப்பகுதி சுக்கான் மாதிரி நிற்கும். எங்களுடையதில் அது இல்லை. இது எனக்குத் தெரியும்.

"குடு! வேகத்தைக் குடுத்துத் திருப்பு!"

எதிரே ஆள் நிற்கிறார், வேகம் கொடு என்கிறேன். அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு பிடியை முறுக்கினான். படகு ஒரு பக்கம் சரிந்து, அவரிடமிருந்து ஓர் ஆள் நீளத் தூரத்தில் திரும்பியது. பின்னால் பீச்சிய தண்ணீரில் அவர் தலையோடு நனைந்தார்.

மெதுவாகத் திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் ஆசைதீரத் திட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்களே மாற்றினீர்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டபடி எஞ்சினைக் குனிந்து பார்த்தார். நான் உற்சாகமாக விளக்கத் தொடங்கினேன். அவர் விலகியதும் நண்பன் படகைக் கரைக்குத் திருப்பினான். கரையில் படகை டிரெய்லரில் ஏற்றிய பிறகுதான் கேட்டான்.

"உனக்கு முதலே தெரியுமோ?"

"ஓம். புத்தகத்தில கிடந்தது."

"எனக்கேன் சொல்லேல்லை?"

"சொன்னா வேண்டாமெண்டிடுவாய் எண்டு..."

அவன் பட்டியை இறுக்கிக் கட்டினான். "அந்தப் புத்தகத்தைத் தா" என்றான். வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஒரு கிழமை போன் இல்லை. எஞ்சின் போனாலும் பரவாயில்லை, இவன் போய்விட்டானே என்றுதான் இருந்தது. வெள்ளிக்கிழமை போன் அடித்தது.

"பன்னிரண்டாம் பக்கத்தில, பின்னுக்குப் போறதுக்கு ஒரு தகடு எண்டு போட்டிருக்கு. அதையும் ஒளிச்சு வைச்சிருக்கிறியோ?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுநாள் கடல் நிறைந்த நேரம், ஆளில்லாத இடத்தில், இரண்டு வெற்றுப் பிளாஸ்டிக் கலன்களை மிதக்கவிட்டு அவற்றுக்கு நடுவே வேகம் கொடுத்துத் திருப்பிப் பழகுவதென்று முடிவெடுத்தோம். அவன் கைக்கு அது படிந்ததும், சேறு மண்டிய சிற்றோடைக்குள் போவதென்றும் பேசிக்கொண்டோம். புறப்படுமுன், இந்த ஜெட் என்னென்ன செய்யாது என்பதை அவனுக்கு நானே வாசித்துக் காட்டுவதென்று முடிவுசெய்தேன். அன்று என் சொல்லை நம்பிப் பிடியை முறுக்கிய கைக்கு நான் பட்டிருந்த கடன் அதுதான்.