கதவுக்குப் போர்த்திய பொன்னாடை

பெம்பான் தோட்டத்து டியூஷனில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு விதிகள் எழுதக் கூடினோம். சிறு வயதில் டியூஷன் அறையிலேயே பாலியல் கொடுமைக்கு ஆளானவர் புஷ்பலீலா அக்கா. அதை வெளிப்படையாகச் சொல்பவர். ஆலோசனை கேட்க அவரை அழைத்த டியூஷன் குழுத் தலைவர் தங்கராஜு, பொன்னாடை போர்த்திவிட்டு நேரே நன்றியுரைக்குத் தாவினார்.

"மாமா, நான் இன்னும் பேசவே இல்லலா! பாடம் நடக்கிறப்ப கதவ மூடக்கூடாது. எழுதுங்க."

"கோழி உள்ள வந்துரும்மா!"

"வரட்டும். அதுவும் படிக்கட்டும்."

"நம்ம ஆளுங்களையே சந்தேகப்படுறியா?"

"எனக்குச் செஞ்சவனும் நம்ம ஆளுதான் மாமா."

அக்கா பொன்னாடையை எடுத்து, திறந்த கதவை ஜன்னல் கம்பியோடு இறுகக் கட்டினார். முடிச்சை அவிழ்க்கப் போராடித் தோற்ற தலைவர், கதவை மூடக்கூடாது என்பதையே முதல் விதியாக எழுதினார்.

இப்போது டியூஷனுக்கு ஒருநாளும் தவறாமல் வருவது கோழிகள்தான்.