பலெர்மோவில் மாதம் ஒரு வியாழன்

சின்னச் சபையில் தொண்டு செய்ய வருகிறவனிடம் முதல் நாளே கோவில் திறப்பை, அதாவது சாவியை, கொடுத்துவிடுவார்கள், அதற்குப் பிறகு அதைத் திருப்பி வாங்க ஒருவரும் வரமாட்டார்கள்.

உங்களில் யாராவது ஊர்விட்டு ஊர் போய், ஆள் குறைந்த ஒரு கோவிலில் கதிரை அடுக்கி, தேநீர் ஊற்றி, கடைசி ஆள் கதைத்து முடிக்கும்வரை வாசலில் காத்து நின்றிருந்தால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதல்ல. நான் நின்ற வாசல் பலெர்மோவில் இருந்தது. ஒரு காலத்தில் அந்த நகரில் வியாபாரம் செய்த ஆங்கிலேயர்கள் தங்களுக்கென்று கட்டிய அங்கிலிக்கன் தேவாலயம். தொண்ணூறுகளில் நான் போய்ச் சேர்ந்தபோது மிஞ்சியிருந்த ஆங்கிலேயர்கள் ஒரு வாங்கில், ஒற்றைப் பெஞ்சில், அடங்கிவிடுவார்கள். மற்ற வாங்குகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் போனோம். கத்தோலிக்கத் தமிழருக்கு அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு கோவில். எங்களுக்கு இது ஒன்றுதான்.

ஞாயிறு வேறு ஆட்களுக்கு

எங்கள் சபையில் எல்லாரும் வீட்டு வேலைக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர்களுடையது. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மதியச் சாப்பாட்டுக்கு வந்து குவிவார்கள், பாத்திரம் கழுவி நிமிரப் பொழுது சாய்ந்துவிடும். கோடையில் குடும்பத்தோடு எங்களையும் மொண்டெல்லோக் கடற்கரைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். சிஞ்ஞோரா, அதாவது வீட்டு எஜமானி, மறுக்காமல் தருவது வியாழக்கிழமைப் பின்னேரம் ஒன்றைத்தான். ஆகவே மாதத்தின் கடைசி வியாழன் எங்களுக்குத் தமிழ் ஆராதனை. குருவானவர் ஆங்கிலேயர், வயதானவர், தமிழில் ஒரு சொல் தெரியாது. திருவிருந்தை அவர் ஆங்கிலத்தில் நடத்துவார், பாட்டும் ஜெபமும் தமிழில் எங்கள் பொறுப்பு. பிரசங்கம் மாஸ்டர். ஊரில் பள்ளிக்கூட வாத்தியார், பலெர்மோவில் மாடிவீடுகளின் படிக்கட்டுக் கழுவுகிறவர்.

உயிர்த்த ஞாயிறன்று ஒருவருக்கும் லீவு கிடைக்காது. அதை அடுத்த வியாழனுக்குத் தள்ளலாமா என்று கேட்க மாஸ்டருக்குக் கூச்சம். என்னை மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். குருவானவர் அதிகம் யோசிக்கவில்லை.

“மூன்றாம் நாள்வரை கல்லறையில் பொறுத்திருந்தவர் உங்களுக்காக ஒரு வியாழன்வரை பொறுக்கமாட்டாரா? சிஞ்ஞோரா விடுகிறபோது வாருங்கள்.”

வாசலில் கழற்றியவை

முதல் ஆராதனைக்கு வந்தவர்கள் எல்லாரும் ஊர்ப் பழக்கத்தில் சப்பாத்தையும் செருப்பையும் வெளிப்படியில் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனோம். அது ஒரு பெரிய வீதி, படிக்கட்டுக்குப் பக்கத்தாலேயே சனம் போய்வருகிற இடம் என்பது எவருக்கும் உறைக்கவில்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தால் படி துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. மாரிகாலம் வேறு. ஆண்கள் மேசோடு, வெறும் காலுறையோடு, பஸ்ஸுக்கு நடந்தார்கள். பெண்கள் சிலர் போர்கோ வெக்கியோச் சந்தைவரை வெறுங்காலோடு போய் ரப்பர்ச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு வேலை வீட்டுக்குத் திரும்பினார்கள்.

எல்லாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, சிரித்தவர் ஞானம் அக்கா ஒருவர்தான். போலித்தேயாமாப் பக்கம் ஒரு நாலாம் மாடி வீட்டில் வயதான சிஞ்ஞோரா ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் சாமுவேல் அண்ணன் ஊரில். அன்று போனது அக்காவின் புதுச் சப்பாத்து.

“ஊரிலை செருப்பைக் கழட்டினால் அது மரியாதை, தம்பி. இஞ்சை கழட்டினால் தானம்.”

நாலாம் மாடி

அதற்குப் பிறகு ஒரு வியாழன் தவறாமல் அக்கா வந்தார். பாட்டு அவர் எடுத்தால்தான் எடுபடும். பிறகு அந்தச் சிஞ்ஞோராவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அன்றோடு அக்காவின் வியாழனும் விழுந்தது. கிழவியைத் தூக்க, திருப்ப, சாப்பாடு ஊட்ட என்று வேலை பெருகியது. வேலையை விடவும் முடியாது. தங்கியிருக்கும் பத்திரமெல்லாம் அந்த வேலையைக் காட்டி எடுத்தது.

தொண்ணூற்றைந்தின் கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தது உங்களுக்குத் தெரியும். சனத்தோடு சனமாய் நடந்த சாமுவேல் அண்ணன் வன்னியில் காய்ச்சலில் கிடந்து இறந்துபோனார். செய்தி கொழும்பு சுற்றி அக்காவுக்கு வந்து சேர்ந்தபோது புதைத்து வாரங்கள் ஆகியிருந்தன. அடக்கத்துக்கு நின்றவர்கள் பக்கத்துக் கொட்டிலில் இருந்த முன்பின் தெரியாத இரண்டு பேர். போதகர் இல்லை, பாட்டு இல்லை. ஊரில் எவர் வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாய் நின்று பாடி, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு போகிற மனிதர் அவர். அக்காவுக்கு அவர் செத்த துக்கம் ஒரு பக்கம், ஆளில்லாமல் போனாரே என்பது மறுபக்கம். நானும் மாஸ்டரும் துக்கம் விசாரிக்கப் போனோம். சிஞ்ஞோரா நித்திரை என்று வாசலில் வைத்துத்தான் கதைக்க முடிந்தது.

“அவருக்கு எங்கடை கோவிலிலை ஒரு நினைவு ஜெபம் வையுங்கோ. எல்லாரும் நிண்டு பாடவேணும். ஆனால் நான் இல்லாமல் வைச்சிடாதேங்கோ, தம்பி. நான் ஒரு வியாழன் எப்பிடியும் வருவன்.”

மாற்றுக்கு ஒரு ஆள்

ஒரு பின்னேரம்தானே, வேறு யாராவது கிழவியோடு இருந்தால் போதாதா என்று நீங்கள் நினைப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். மாஸ்டரின் மனைவி போய் இருந்தார். அக்கா சேலை மாற்றிக்கொண்டு படியிறங்கி வீதிக்குக்கூட வரவில்லை, மேலே கிழவி போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரர்கள் ஓடிவந்துவிட்டார்கள். மற்ற மாதம் வேறொருத்தியை அனுப்பினோம். அவள் கொடுத்த சூப்பைக் கிழவி அவள் மீதே துப்பிவிட்டாள். மூன்றாம் தரம் நானே சிஞ்ஞோராவின் மகளிடம் கதைக்கப் போனேன். வியா மக்வேதா வீதியில் துணிக்கடை வைத்திருக்கிறவள், மரியாதையான பெண். மாதத்தில் ஒரே ஒரு வியாழன், இரண்டு மணித்தியாலம், நீங்கள் வந்து தாயோடு இருக்கமுடியாதா என்று கேட்டேன். ஞானம் என்பது அவர்கள் வாயில் ஜானா ஆகியிருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மிகுந்த அன்போடுதான் சொன்னாள். அந்த அன்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

“ஜானா எங்கள் குடும்பத்தில் ஒருத்தி. குடும்பத்தில் இருப்பவர்கள் லீவு கேட்பார்களா, சொல்லுங்கள்?”

வாசல் பேசியில் கரோல்

நத்தார்ப் பண்டிகைக்கு முன் வீடு வீடாகப் போய்க் கரோல் பாடுவது எங்கள் ஊர் வழக்கம். பலெர்மோவில் எங்களுக்கு வீடு இருந்தால்தானே. பாதிப் பேர் சிஞ்ஞோராக்களின் வீட்டில் ஒரு சின்ன அறையில் படுக்கிறவர்கள். மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார். மாடிவீட்டு வாசல்களில் பொத்தானை அமத்திக் கதைக்கிற பேசி இருக்கிறது, அதில் பாடினால் போயிற்று. ஒரு சின்னத் தபேலா, ஒரு டம்பூரின், நாங்கள் ஏழெட்டுப் பேர், பின்னால் குடை பிடித்துக்கொண்டு குருவானவர். சுவரில் இருந்த துளைப்பெட்டிக்குள் முகத்தை வைத்து வரிசையாகப் பாடிக்கொண்டு போனோம். போகிறவர்கள் எங்களுக்கு விசர் என்று நினைத்திருப்பார்கள்.

ஞானம் அக்காவின் வாசலில் முதல் பாட்டு முடிந்ததும் கதவு தானாகத் திறந்தது. சாத்தினோம். திரும்பவும் திறந்தது. மேலே அக்கா பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, தொடர்பு அறுந்துவிடும் என்று பயந்து கதவுப் பொத்தானை விடாமல் அமத்திக்கொண்டிருந்திருக்கிறார். காவல்காரன் வந்து சத்தம் போட்டான். குருவானவர் அவனோடு ஏதோ கதைத்துச் சமாளித்தார். மேலே ஏறிப்போக எங்களை ஒருவரும் கூப்பிடவில்லை, கூப்பிடும் உரிமை அக்காவுக்கும் இல்லை. போய்வருகிறோம் என்று மாஸ்டர் சொன்னதும் பெட்டிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது.

“இன்னுமொண்டு பாடுங்கோ மாஸ்டர். மனிசி ஏலாத கையாலை கட்டிலைத் தட்டித் தாளம் போடுறா.”

பூ வைக்கிறவர்

எங்கள் ஆராதனைக்குப் பூ வைப்பவர் மிஸ் எலினோர். ஆங்கிலேயப் பெண், கலியாணம் செய்யாதவர், இத்தாலியப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறவர். நினைவு ஜெபத்துக்கு வெள்ளைப் பூ வேண்டும் என்று முதல் மாதம் சொல்லியிருந்தேன். அக்கா வரவில்லை என்று தள்ளினோம். அடுத்த மாதமும் அதேதான். நான் சொல்லாமலே ஒவ்வொரு வியாழனும் அவர் வெள்ளைப் பூ கொண்டுவரத் தொடங்கினார். ஒருநாள் வேண்டாம் மிஸ், இந்த மாதமும் இல்லையாம் என்றேன். அவர் தண்டை வெட்டுவதை நிறுத்தவில்லை.

“திருவாளர் சாமுவேலை நான் கண்டதே இல்லை. ஆனால் என் சொந்தத் தகப்பனுக்கும் இத்தனை தரம் நான் பூ வைக்கவில்லை.”

செத்தவீடு

ஒரு புதன்கிழமை ஞானம் அக்காவின் சிஞ்ஞோரா போய்ச் சேர்ந்தார். அக்கா டெலிபோனில் இரண்டே சொல்தான் கதைத்தார். மனிசி செத்துப்போனா, நாளைக்குப் பின்னேரம் அடக்கம் என்றார். ஆட்கள் வருகிறார்கள் என்று வைத்துவிட்டார். நாளைக்கு என்றால் கடைசி வியாழன், எங்கள் ஆராதனை. நான் மாஸ்டரைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. ஒருவருக்குத் துக்கம் நடந்தால் மற்றதெல்லாம் பிறகு, அதுதானே எங்கள் வழக்கம். இவ்வளவு காலம் அக்கா எங்களிடம் வரமுடியவில்லை, நாங்கள் அக்காவிடம் போவோம் என்றார். எல்லாருக்கும் சொன்னோம். எல்லாரும் அடக்கம் நடக்கும் கத்தோலிக்கக் கோவிலுக்கே நேராக வந்தார்கள். குருவானவரும் மிஸ் எலினோரும்கூட வந்தார்கள். கோவிலைப் பூட்டியபடியே விட்டேன். கதவில் ஒரு துண்டு எழுதி ஒட்டவேண்டும் என்று தோன்றவில்லை. வரக்கூடிய எல்லாரும்தான் என்னோடு நின்றார்களே.

இத்தாலியர் எல்லாரும் கறுப்பில், நாங்கள் வெள்ளையில். வெளியே வாசலில் ஒதுங்கி நின்றோம். அக்காவைக் காணவில்லை. உள்ளே குடும்பத்தோடு முன் வரிசையில் இருப்பார் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். பூசை முடிந்து பெட்டியை வெளியே தூக்கிவந்தபோது மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை, தமிழில் பாட்டை எடுத்துவிட்டார். நாங்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டோம். எங்கள் சபை அவ்வளவு நன்றாக அதற்கு முன் பாடியதில்லை. இத்தாலியர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு அழுதார்கள். பாட்டு முடிந்ததும் சிஞ்ஞோராவின் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் இருந்தது குழப்பம்.

“நீங்கள் ஏன் இங்கே நிற்கிறீர்கள்? அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்தி, இரவெல்லாம் பக்கத்தில் இருந்தாளே, இனி உன் கோவிலுக்குப் போ, இன்றைக்கு வியாழன் என்று ஜானாவை உங்களிடம் நான்தானே அனுப்பினேன்.”

ரயிலடி

ஓட்டமும் நடையுமாய் எங்கள் கோவிலுக்குப் போனோம். படியில் ஒருவரும் இல்லை. பக்கத்துக் கடைக்காரனைக் கேட்டேன், சேலை கட்டிய ஒரு பெண் வெகுநேரம் இருந்துவிட்டுப் போனாள் என்றான். அக்காவின் வீட்டு வாசலுக்குப் போய் நாலாம் மாடிக்குப் பேசியை அமத்தினோம், பதில் இல்லை.

மறுநாள் காலை அக்காவே டெலிபோன் எடுத்தார். அந்த வீட்டைப் பூட்டுகிறார்களாம். இத்தாலியின் வடக்கே, தன் பெறாமகள், கூடப்பிறந்தவளின் மகள், இருக்கும் ஊரில் ஒரு வேலை உடனே இருக்கிறதாம், அன்றைக்கே ரயிலாம். அவர் வரும் அந்த ஒரு வியாழன் எங்களோடு கடைசி வியாழன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. நான் என் வேலை வீட்டில் ஏதோ பொய் சொல்லிவிட்டு ரயிலடிக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் அழுகைதான் வந்தது. அக்கா என் தோளைத் தட்டினார். எனக்காண்டித்தானே போனீங்கள், எனக்குத் தெரியாதோ என்றார். கதவைத் தட்டிப் பார்த்தாராம். பிறகு படியில் இருந்து சாமுவேல் அண்ணனுக்காகத் தனியே ஜெபித்தாராம். பாட்டு எடுக்க முயன்றாராம், வீதிச் சத்தத்தில் தன் குரல் தனக்கே கேட்கவில்லையாம். அந்தக் கிழவிக்கு நாங்கள் எல்லாரும் பாடினோமா என்று கேட்டார். ஓம் அக்கா என்றேன். நல்லாய்ப் பாடினீங்களோ என்றார். அதற்கும் ஓம் என்றேன். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் ஏறினார். பெட்டி அசைந்ததும் யன்னலால் எட்டிப் பார்த்தார்.

“அங்கையும் ஆக்கள் இல்லை, இஞ்சையும் ஆக்கள் இல்லை. ஊரிலை எத்தினை பேருக்குப் பாடின மனிசன், தம்பி.”

சின்னச் சபையில் தொண்டு என்பது சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்: ஒருவருக்காக எல்லாரும் ஒன்றாய்ப் புறப்பட்டுப் போவோம், அந்த ஒருவர் மட்டும் நாங்கள் பூட்டிவிட்டுப் போன கதவைத் தட்டிக்கொண்டு நிற்பார்.