காற்சட்டைப் பையில் கச்சான்

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டில் கச்சான் கடலைக்குத் தடை போட்டவள் நான்தான். என் கணவருக்கு நீரிழிவு. உடம்பும் கொஞ்சம் கனம். எண்ணெய்ப்பிடிப்பான கச்சானைத் தின்றால் இன்னும் ஊதிவிடுவார் என்று பயந்தேன்.

சில மாதங்களில் அவர் மெலியத் தொடங்கினார். காற்சட்டை இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. இரவில் வைக்கும் புட்டிலும் பாதியை மிச்சம் வைத்தார். சீனி கூடித்தான் உடம்பை உருக்குகிறது என்று நினைத்தேன். அவரை டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டொக்டர் சிரித்தார். "சீனி நல்லாக் குறைஞ்சிருக்கு. பின்னேரத்தில என்ன சாப்பிடுறனீங்கள்?"

இவர் என்னைப் பார்த்தபடியே காற்சட்டைப் பையிலிருந்து கடதாசியில் சுருட்டிய ஒரு கச்சான் சரையை எடுத்தார்.

"கடற்கரைக்கு நடக்கப் போகேக்க எண்ணெயில பொரிச்ச ரோல்ஸ், வடையை விட்டிட்டு இதைத்தான் சாப்பிடுறனான். இரவில பெரிசாப் பசிக்கிறேல்லை. நீர் ஏசுவீர் எண்டுதான் சொல்லேல்லை."

"உப்பில்லாமல் ஒரு கைப்பிடி, ரோல்சுக்குப் பதிலா எண்டால் பயமில்லை அம்மா," என்றார் டொக்டர்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

இப்போது டொக்டரிடம் கேட்காமல் நான் எதற்கும் தடை போடுவதில்லை. பின்னேரம் நானும் இவரோடு நடக்கப் போகிறேன். முதல் நாள் கச்சான்காரர் எனக்கும் தனியாக ஒரு சரையை நீட்டினார். இவர் தடுத்துவிட்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒண்டே போதும்."