பச்சை பிடிக்காத பொத்தான்

நேற்று எங்கள் வீட்டுக்கு மின்விளக்கு போட வந்த ஆள், சமையலறைக் கதவோரம் ஏணியைச் சாத்திவிட்டு, அங்கே சுவரில் இருந்த பழைய பொத்தானை விரலால் தட்டிப் பார்த்தார். "இது இன்னாம்மா, ஒயரே போவல. சும்மாத்தானே கெடக்குது, கழட்டிடட்டா?" என்றார்.

"வேணாம்" என்றேன். சொன்ன வேகத்தில் மடியில் இருந்த சின்னவள் திடுக்கிட்டு என் முகத்தைப் பார்த்தாள். மார்கழிப் பனியில் அவளுக்கு உதடு வெடித்திருந்தது. டப்பாவிலிருந்து வாசலின் எடுத்து உதட்டில் தடவிக்கொண்டிருந்தேன். அதிகம் தடவினால் வாய்க்குள் போய்விடுமோ, குறைத்தால் வெடிப்பு ஆறாதோ என்ற வழக்கமான குழப்பம் எனக்கு. குழந்தை வளர்ப்பில் நான் எதையும் ஒரே தடவையில் முடிவு செய்ததில்லை. ஆனால் அந்தப் பொத்தான் விஷயத்தில் எனக்கு என்றைக்கும் இரண்டாம் யோசனை வந்ததில்லை.

வாசலினுக்கு மணம் கிடையாது என்று என் கணவர் அடித்துச் சொல்வார். எனக்கு உண்டு. டப்பாவைத் திறந்தால் செம்புக் கம்பியும் ஈரத்தோலும் நவச்சாரமும் கலந்த ஒரு நெடி வரும். உங்களுக்கு அது வராது. வராமல் இருப்பது நல்லதுதான்.

மூத்தவன் சாமு கைக்குழந்தையாக இருந்தபோது ஆம்பூரில் இந்த வீட்டுக்கு வந்தோம். தோல் பதனிடும் ஷாப்பில் தோல்களைத் தரம் பிரிக்கும் மேற்பார்வை என் கணவருக்கு. ஷாப்பின் பின்பக்கத்து வீட்டையே தங்கக் கொடுத்தார் முதலாளி. எல்லோரும் அவரைப் பெரிய சாயபு என்பார்கள். வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே தோல் காயப்போடும் களம். எங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்த துரை ஒருவர் வீட்டுக்கும் ஆபீசுக்கும் ஒரு மின்மணி வைத்துவிட்டுப் போயிருந்தார். சமையலறை மாடத்தில் நவச்சாரம் கரைத்த தண்ணீரோடு கண்ணாடி ஜாடிகள். அவற்றில் நின்ற துத்தநாகக் குச்சிகளிலிருந்து நூல் சுற்றிய செம்புக் கம்பி மூங்கில் மேல் ஏறி, களத்தைத் தாண்டி ஆபீசுக்குப் போகும். இங்கே பொத்தானை அழுத்தினால் அங்கே மணி அடிக்கும். ஊருக்கு மின்சாரம் வராத அந்த நாளில் எங்கள் வீட்டில் மின்சாரம் ஜாடியில் இருந்தது என்று சொன்னால் சாமு இப்போது நம்புவதில்லை.

அந்த மணி எங்களுக்கு ஏன் தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டும். வேலை நேரத்தில் களத்தை வீட்டுப் பெண்கள் தாண்டக் கூடாது. தோல் ஊறவைக்க ஆவாரம்பட்டை சுமக்கிற பெண்கள் விடிந்ததிலிருந்து அதே களத்தில்தான் போய் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. மேற்பார்வையாளர் மனைவி மட்டும் தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாக, அதுவும் துணையோடு, போக வேண்டும். இதில் மானம் எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை. ஆனாலும் கீழ்ப்படிந்தேன். வேலூரில் மிஷன் பள்ளியில் எனக்கு நன்றாகக் கற்றுக்கொடுத்த பாடம் அதுதான்.

விட்டு விட்டு அழுத்தினால் சாப்பாடு தயார். விடாமல் அழுத்தினால் குழந்தைக்கு ஆபத்து. இதுதான் எங்கள் ஏற்பாடு. சாமுவுக்குக் காய்ச்சல் ஏறினால் வலிப்பு வரும். ஒரு தடவை வந்து போயிருந்தது. அதற்குப் பிறகு நான் பாதி நேரம் அவன் நெற்றியிலும் பாதி நேரம் அந்தப் பொத்தானிலும் கை வைத்துக்கொண்டே வாழ்ந்தேன்.

அந்த மணியில் ஒரு கொடுமை இருந்தது. அடிப்பது அங்கே, அழுத்துகிற எனக்குக் கேட்காது. ஐப்பசி மழை பெய்த ஒரு பகலில் சாமுவுக்கு வலிப்பு வந்து கண் மேலே செருகியது. அழுத்தினேன். அவர் வரவில்லை. வந்துகொண்டிருப்பார் என்று நினைத்தேன். செருப்பு மாட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அப்படி நின்ற நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. கடைசியில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு களத்தில் இறங்கி நேராக ஓடினேன். மழைக்குத் தோல்களைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஆபீசில் வெளியூர் வியாபாரிகளோடு உட்கார்ந்திருந்த சாயபு என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஜட்கா பூட்டுடா" என்று கத்தினார். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே சாமுவுக்குத் தெளிந்துவிட்டது. டாக்டரம்மா வரும்போது என் தாலியைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

வீட்டில்தான் தெளியவில்லை. எங்களோடு இருந்த என் கணவரின் விதவை அக்கா, எஸ்தர் அக்கா, சோற்றைப் போட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

"தலையில முக்காடு கூட இல்லாம ஓடினியாமே."

"கொழந்தைக்கு வலிப்பு அக்கா."

"வலிப்பு கொழந்தைக்குத்தானே, உனக்கா? அவன் நாளைக்கு அந்த ஆளுங்களை எப்படி அதட்டுவான்?"

என் கணவர் நல்லவர். நல்லவர்களுக்கு உள்ள வழக்கப்படி, சண்டை தீரவேண்டும் என்பதற்காக என்னை விட்டுக்கொடுத்தார். அன்றைக்கு ஆபீசில் மணி அடிக்கவே இல்லை, கெட்டுப்போனது, இனி அது சரிப்படாது, கழற்றிவிடலாம். பையனுக்கு வலிப்பு நிற்கும் வயது வரும்வரை நானும் அவனும் வேலூரில் என் அம்மா வீட்டில் இருக்கட்டும். மழை விட்டதும் என் அண்ணன் வந்து கூட்டிப்போவான். "ஆஸ்பத்திரியும் பக்கம். உனக்கும் நிம்மதி" என்றார். என் நிம்மதியைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவரைவிட்டு எத்தனை வருஷம் இருக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை.

போக மாட்டேன் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. மணியைக் கழற்ற வேண்டாம், நான் சரி செய்கிறேன் என்று சொன்னேன். அது அதைவிடப் பெரிய வார்த்தை என்று சொல்லி முடித்த பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் பொத்தானின் மூடியைத் திறந்தேன். கம்பியும் திருகாணியும் சேரும் இடமெல்லாம் பச்சை. களிம்பு ஏறிய செம்புப் பானையின் அடிப்பாகம் மாதிரி. ஷாப்பு ஃபிட்டர் மாணிக்கம் ஒவ்வொரு மழையிலும் வந்து சுரண்டிவிட்டுப் போவார். அடுத்த மழைக்குள் மறுபடியும் பச்சை. பெண்பிள்ளைக்குத் தெரிந்த வைத்தியத்தை நான் செய்தேன். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். பொன் மாதிரி மின்னியது. பெருமையாக மூடி வைத்தேன். சில நாளில் திறந்தால் முன்பைவிட அதிகம் பூத்திருந்தது. புளித்தண்ணீர் கம்பியின் முறுக்குக்குள் தங்கிவிட்டது போலிருக்கிறது. எஸ்தர் அக்கா எட்டிப் பார்த்து, "ரசம் வெச்சியா உள்ள?" என்றார்.

ஷாப்புக் காற்றுதான் காரணம் என்பது என் கணவரின் கட்சி. அது பொய்யும் இல்லை. சுண்ணாம்புக் குழியும் மயிர் உரிக்கும் தொட்டியும் விடுகிற காற்றில் சாமுவின் வெள்ளி அரைஞாண் அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கிடந்தது. காற்றோடு யார் சண்டை போடுவது? நானும் ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டேன்.

வேலூருக்குப் போக சாமுவின் துணிகளை எடுத்து வைக்க என் பழைய பள்ளிக்கூடப் பையை இறக்கினேன். தோல் பை. அதன் பித்தளைக் கொக்கியைக் கழற்றும்போது விரலில் பச்சையாக ஒட்டியது. கொக்கியின் முகம் சுத்தமாக இருந்தது. தோல் வாரைத் தொட்டுக்கொண்டிருந்த அடிப்பக்கம் மட்டும் மெழுகு மாதிரி பச்சை. இந்தப் பச்சை எனக்குப் பழக்கமானது. பள்ளிக்கூடத்தில் என் வெள்ளைத் தாவணியில் இது ஒட்டி எத்தனையோ தடவை திட்டு வாங்கியிருக்கிறேன். வேலூரில் எங்கள் தெருவில் தோல் ஷாப்பு கிடையாது. அந்தக் காற்றும் கிடையாது.

துணிகளை அப்படியே போட்டுவிட்டுப் பொத்தானைத் திறந்தேன். ஒவ்வொரு திருகாணிக்கு அடியிலும் மாணிக்கம் ஒரு தோல் வில்லை வைத்திருந்தார். மீனெண்ணெயில் ஊறவைத்த நல்ல தோல். ஆம்பூரில் எது ஆடினாலும் அதற்கு அடியில் தோல்தான் வைப்பார்கள். கிணற்று உருளைக்குத் தோல், கதவுக் கீலுக்குத் தோல், தொட்டில் கயிறு உராயும் இடத்துக்குத் தோல். மணிக்கும் வைத்திருந்தார்கள். யாரும் அதைத் தப்பு என்று நினைக்கக் காரணமே இல்லை.

மாணிக்கத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தோலு கெடுக்குதுன்னு ஆம்பூர்ல வந்து சொல்றீங்களேம்மா. நல்லா கீதே."

"இந்தப் பக்கத்துல மட்டும் எடுத்துப் பாக்கலாம். ஆபீஸ் பக்கத்துல உங்க தோலு இருக்கட்டும். ரெண்டு பக்கமும் அதே காத்துதானே."

"எடுத்தா திருகாணி லூஸாயிடும். நான் ஜவாப்தாரி இல்ல."

"நான் ஜவாப்தாரி" என்றேன்.  அவர் கையிலிருந்த திருப்புளியை வாங்கிக்கொண்டேன்.

தோலை எடுத்தேன். கம்பி முனையை உப்புக் காகிதத்தால் செம்பு நிறம் தெரியும்வரை தேய்த்தேன். புளி இல்லை, தண்ணீர் இல்லை. உலர்ந்த துணியால் துடைத்து, திருகாணியை இறுக்கி, அது இறுகிய பிறகு மேலே சாமுவின் வாசலினை மெல்லப் பூசினேன். காற்றுக்கும் ஈரத்துக்கும் வழி விடக் கூடாது என்பதுதான் யோசனை. ஜாடிகளின் விளிம்பில் உப்புப் பூத்து மேலேறிக் கம்பியைத் தொட்டிருந்தது. விளிம்பைத் துடைத்து மெழுகுவத்தியை உருக்கித் தடவினேன். குழந்தைக்கு வைத்திருந்ததைக் கம்பிக்குப் பூசுகிறேனே என்று குற்றமாகவும் இருந்தது. பிறகு யோசித்தேன்: இதுவும் குழந்தைக்குத்தானே.

மழை அடித்துப் பெய்தது. நான் தினமும் திறந்து பார்த்தேன். கம்பி சிவப்பாகவே இருந்தது. ஆனால் ஆபீஸ் பக்கம் எப்படி இருக்கிறது என்று யார் பார்ப்பது? தினமும் மாலையில் என் கணவரிடம் கேட்டேன். "மறந்துட்டேன்" என்பார் அவர். "நாளைக்குப் பாக்கறேன்" என்பார். மழை விட்டது. நாளை வருகிறேன் என்று அண்ணன் சொல்லி அனுப்பினான்.

அன்றைக்குக் காலையில் சாமுவைத் தூளியில் போட்டேன். காய்ச்சல் இல்லை, வலிப்பு இல்லை. எந்த அவசரமும் இல்லை. எஸ்தர் அக்காவிடம், "நான் ஆபீஸ் போய்ச் சேர்ந்ததும் இதை அழுத்துங்க அக்கா" என்றேன். முக்காடு போட்டுக்கொண்டேன், அது அவருக்காக. கையில் வாசலின் டப்பாவும் உப்புக் காகிதமும். களத்தின் நடுவே நடந்தேன். முதல் தடவை ஓடினேன் என்பதால் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. இந்தத் தடவை பார்த்தேன். பட்டை சுமந்து வந்த ஒருத்தி நின்று, "இன்னாம்மா, கொழந்த சொகமா?" என்றாள். "சொகம்" என்றேன்.

ஆபீசில் என் கணவர் பாதி எழுந்து பாதியில் நின்றார். சாயபு கண்ணாடியைக் கழற்றினார். "இன்னா மகளே, எதனா பேஜாரா?"

"மணியைத் தொறக்கணும் பாய்."

மாணிக்கத்தைக் கூப்பிட்டார்கள். மூடியைத் திறந்தால் தோல் வில்லைகளைச் சுற்றிப் பச்சை நுரைத்துக் கிடந்தது. வாசலில் களத்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் என் வேலையைத் தொடங்கினேன். தோலை எடுத்தபோது சாயபு, "நம்ம தோலையே குத்தம் சொல்றியே மகளே. வாங்கறவன் காதுல வுழுந்தா யாவாரம் பூடும்" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். "காலுக்குப் போடற தோலு நல்ல தோலுதான் பாய். கம்பிக்குத்தான் ஒத்துக்கல" என்றேன்.  திருகாணி ஒரு தடவை கீழே விழுந்தது. மாணிக்கம் குனிந்து எடுத்துக் கொடுத்தார். 

கடைசித் திருகாணியை இறுக்கினேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எஸ்தர் அக்காவுக்கு அங்கே ஒன்றும் கேட்காதே; நான் திரும்பி வரும்வரை விடாமல் அழுத்திக்கொண்டே நின்றிருக்கிறார். காதைப் பொத்திக்கொண்ட சாயபு என் கணவரைப் பார்த்து, "இன்னாத்துக்குப்பா வேலூரு? இங்க எல்லாம் நல்லாத்தானே கீது" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். அன்றைக்கு அவர் சொன்னது ஒரு வார்த்தைதான்: "சரி."

மறுநாள் அண்ணன் சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனான்.

அதற்குப் பிறகு சாமுவுக்கு ஒரு தடவை வலிப்பு வந்தது. மணி அடித்தது, அவர் ஓடி வந்தார். பிறகு அது நின்றே போய்விட்டது. எஸ்தர் அக்கா மட்டும் உப்பு குறைந்தால்கூட அந்தப் பொத்தானை அழுத்தி அவரை வரவழைப்பார். அக்கா இறந்து வருஷமாகிறது. ஆபீசைத் தெருமுனைக்கு மாற்றிவிட்டார்கள். மூங்கிலையும் கம்பியையும் எடுத்தாயிற்று. ஜாடி ஒன்றில் நெல்லிக்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன். களம் இருந்த இடத்தில் கூரை போட்டு, குறுக்கே சுவர் எழுப்பிவிட்டார்கள். நான் நடந்த வழி அந்தச் சுவருக்கு அடியில் எங்கோ இருக்கிறது. இப்போது மின்சாரம் சுவருக்குள் வருகிறது. நேற்று வந்த ஆள் போகும்போது, "எதையும் தொடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அது நியாயம்தான். இதைத் தொட்டால் உயிர் போகும்; நான் தொட மாட்டேன்.

ஆனால் அவர் போனதும் பழைய பொத்தானின் மூடியைத் திறந்து, உள்ளே துடைத்து, சின்னவளின் டப்பாவிலிருந்து ஒரு துளி எடுத்துப் பூசினேன். அது இன்றைக்கு யாரையும் கூப்பிடாது. மழைக்கு மழை இப்படித்தான் செய்து வருகிறேன். இதுவரை பச்சை பிடிக்க விட்டதில்லை.