வெள்ளை வரிப் புல்

வாடகை அறை வாசலில் வைத்திருக்கும் தொட்டியில் இன்று ஒரு முழுப் பச்சைத் தளிர். வெள்ளை வரி ஓடிய இலைகளுக்கு நடுவே அதைக் கண்டதும் நினைவில் எங்கள் ஊர், பழுகாமத்து வீட்டுக்கே போய்விட்டேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. குவைத்துக்கு வேலைக்குப் புறப்பட்ட அன்று அம்மா தன் அழகுப்புல் வரிசையைக் காட்டிச் சொன்னார்: “பச்சையா வாறதை மட்டும் அடியோட புடுங்கு புள்ள. விட்டா வெள்ளையை அமத்திப்போடும்.”

ஒருநாள் பள்ளி விட்டு வந்தால் வரிசையில் வெள்ளையே இல்லை! அப்பா சிரித்தபடி கை கழுவிக்கொண்டு நின்றார். வயல் வட்டையில் நெல்லிலை வெளுத்தால் நோயென்று பிடுங்குகிற மனிதர்.

“நோய்ப் புல்லெல்லாம் புடுங்கிட்டன் புள்ள. அம்மா வந்தா பச்சைப் பசேலெண்டு இருக்கும்.”

அது நோயில்லை என்று அந்தச் சிரிப்பிடம் எப்படிச் சொல்வது?

வெள்ளிக்கிழமைகளில் அம்மா அழைப்பார். “புல்லு எப்பிடி? சொல்லு, இஞ்ச மண்ணைத் தவிர ஒண்டுமில்ல.” நானும் கதை அளப்பேன். முழங்கால் உயரம், விரலகல வெள்ளை. இல்லாத புல்லை இரண்டு வருடம் வாரத்துக்கு வாரம் வளர்த்தேன்.

லீவில் வந்த அம்மா பையைக்கூட இறக்காமல் அங்கேதான் போனார். பச்சையைப் பார்த்தார். பெருமையோடு நின்ற அப்பாவைப் பார்த்தார். “நல்லாப் பாத்திருக்கிறீங்க” என்றார். என்னைப் பார்க்கவேயில்லை. ஏசியாவது இருக்கலாம்.

திரும்பிப் போன பிறகு அவர் புல்லைப் பற்றிக் கேட்டதே இல்லை. இன்றும் வெள்ளிக்கிழமை. தொட்டியருகே இருக்கும்போதே குவைத்திலிருந்து அழைப்பு வந்தது. என்னிடம் உண்மையான புல் இருக்கிறதென்று சொல்ல வாயெடுத்தேன்.

“சாப்பிட்டியா, புள்ள?”

“ஓம், அம்மா.”