காய்ச்சல் என்று எழுதச் சொன்னவர்

அருமனைக்கு அருகே எங்கள் சபையைச் சேர்ந்த ஏழெட்டுக் குடும்பங்கள் மைசூர் நாட்டுத் தங்கச் சுரங்கம் ஒன்றுக்குப் பிழைக்கப் போயிருந்தன. ஆண்கள் பூமிக்கடியில் பாறை துளைத்தார்கள். ஆள் வேலையில் இருக்கும் வரை, குடும்பத்துக்குச் சுரங்கத்தார் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு உண்டு. விடுப்பில் வந்த ஆண்கள் ஆராதனையின்போது வாசலோரக் கடைசி பெஞ்சில்தான் அமர்வார்கள். இருமல் வந்தால் எழுந்து வெளியே போக வசதி. என்னவென்று கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில், காய்ச்சல்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் நான் பி.ஏ. முடித்து, சபைப் பள்ளியில் ஆசிரியனாக இருந்தேன். அந்தச் சுரங்கத்து ஆண்களில் ஒருவர் விடுப்பை நீட்டிக்கக் கடிதம் கேட்டு வந்தார். மனைவியும் பிள்ளைகளும் அங்கே லைனில் இருந்தார்கள்.

"காய்ச்சலுண்ணு மட்டும் எழுதுங்க சாரே. இருமலுண்ணு தெரிஞ்சா பேரை வெட்டிருவினும்."

நான் அதை நம்பவில்லை. உண்மை தெரிந்தால் தரைக்கு மேலே இலகுவான வேலை தருவார்கள் என்று எண்ணினேன். நெஞ்சில் பாறைத் தூசி, ஓயாத இருமல் என்று ஆங்கிலத்தில் விரிவாக எழுதினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது; நானும் சொல்லவில்லை.

பெயரை நீக்கிவிட்டதாகப் பதில் வந்தது. வீட்டையும் ஒழித்துக் கொடுக்க வேண்டுமாம். மனைவி பாத்திரங்களோடும் பிள்ளைகளோடும் வந்து சேர்ந்தார். நான் பார்க்கப் போனபோது அந்த அம்மாள் என்னிடம் பேசவில்லை. கணவரிடம்தான் சொன்னார்:

"பி.ஏ. படிச்ச சாருக்கு காய்ச்சலுண்ணு எழுதத் தெரியல்ல."

"விடு ஏட்டி. படிச்ச படிப்பெல்லாம் அந்தக் கடிதாசிலயே தீந்துபோச்சு," என்று அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் முடிந்தது.

அடுத்த ஆண்டு, அதே சுரங்கத்திலிருந்து விடுப்பில் வந்த தன் தம்பியை அந்த அம்மாள் என்னிடம் அழைத்து வந்தார். அவருக்கும் விடுப்பை நீட்டிக்கக் கடிதம் வேண்டும். அவர் குடும்பமும் லைனில் இருந்தது. எழுதி முடித்ததும் அம்மாள் கேட்டார்:

"எழுதினதைத் தமிழ்ல ஒருக்க சொல்லுங்க சாரே."

காய்ச்சல், இரண்டு வாரம் ஓய்வு வேண்டும் என்று சொன்னேன்.

"இருமல் இல்லியே?"

"இல்லை."

கைநாட்டு வைக்கவேண்டிய தம்பி வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் இருமி முடிக்கும்வரை நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.